தேங்கிய நீரும் ஓடும் நீரும்



எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சிகளுள் பலரும் அறிந்த ஒன்று அவருடைய நூலின் 47ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. ஆலயத்தின் வாயிற்படியின் கீழிருந்து நீர் ஊற்றெடுக்கிறது. அது கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு என்று பெருகி, நீந்தியே கடக்க வேண்டிய ஆறாகிறது. அது பாயும் இடமெல்லாம் உயிர் தழைக்கிறது. உப்புக் கடலின் நீரும் நலம் பெறுகிறது. கரையெங்கும் வலைஞர்கள் வலை விரிக்கின்றனர். இரு மருங்கிலும் நிற்கும் மரங்கள் மாதந்தோறும் கனி தருகின்றன. அவற்றின் இலைகள் மருந்தாகின்றன. பாஸ்கா காலத்தில் தீர்த்தம் தெளிக்கையில் திருச்சபை தொன்றுதொட்டுப் பாடிவரும் இலத்தீன் பல்லவி இக்காட்சியிலிருந்தே எழுந்தது.

ஆயினும் இக்காட்சியின் நடுவே, மறையுரைகளில் நாம் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் ஒரு வசனம் உண்டு. நீர் எல்லாவற்றையும் நலமாக்கிய பின்னரும், அங்குள்ள சேற்று நிலங்களும் சதுப்பு நிலங்களும் மட்டும் மாற்றப்படாமல் உப்புக்கென விடப்படும் என்கிறார் இறைவாக்கினர் (எசே 47:11). இது தண்டனையா? அவ்வாறு கொள்வோரும் உளர். ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால் வேறொரு பொருளும் புலப்படும். உப்பின்றி வீட்டில் உணவு இல்லை. பழைய ஏற்பாட்டுச் சட்டப்படி உப்பின்றிக் காணிக்கையும் இல்லை (லேவி 2:13). எல்லாம் புதுப்பிக்கப்படும் நாளிலும், சதுப்பு நிலம் சதுப்பு நிலமாகவே இருந்து தன் பணியைச் செய்ய வேண்டும் என்பது இறைவனின் திட்டம் போலும். அதைத் தூர்த்துத் தோட்டமாக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அந்த எண்ணம் நமக்குத்தான் வந்திருக்கிறது.

"பயனற்ற நிலம்"

நம் ஊர்களில் சதுப்பு நிலத்துக்கு யாரும் நல்ல பெயர் சூட்டியதில்லை. சேறு, உளை, கழிமுகம், கொசு வளரும் இடம் என்போம். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் அது பெரும்பாலும் 'புறம்போக்கு' என்றே எழுதப்பட்டிருக்கும். வரி விதிப்புக்குப் புறம்பாகப் பொதுப்பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் நாளடைவில் அது, யாருக்கும் உரிமையில்லாத நிலம், எவரும் எதையும் செய்யத் தகுந்த நிலம் என்று பொருள் திரிந்துவிட்டது. ஓர் ஆளைத் திட்டுவதற்கும் இச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். எல்லாருக்கும் பொதுவானது யாருக்கும் வேண்டாததாகிவிட்ட சோகக் கதை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி நம் கண்ணெதிரே கட்டடங்களாகவும் சாலைகளாகவும் குப்பை மேடாகவும் மாறிற்று. மழைநீரைத் தாங்கிக் கடலுக்கு மெல்ல அனுப்பிய நிலம் சுருங்கிவிட்டமையால், 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அந்நீர் வீடுகளுக்குள் புகுந்தது. நீருக்கு நினைவாற்றல் உண்டு என்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவது பொய்யன்று. அது தன் பழைய இல்லத்தைத் தேடி வந்தது. அங்கே நம் இல்லம் இருந்தது.

இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைவது அழிவின் கதை மட்டுமன்று. அழிந்த ஒரு சதுப்பு நிலம் மீண்டும் உயிர்பெற்ற வரலாறு ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. அதில் குடும்பங்களுக்கும் பங்குகளுக்கும் பாடங்கள் பல உள்ளன.

அலையை ஆற்றும் காடு

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே பிச்சாவரம் அமைந்துள்ளது. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது இச்சதுப்பில் வளரும் ஒரு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு விளைவிக்கும். ஒரு பேரூரே தன் பெயரைச் சதுப்பு நிலத்து மரத்திடமிருந்து பெற்றிருக்கிறது என்றால், நம் முன்னோர் இந்நிலத்தை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும்.

இக்காடுகளை அலையாத்திக் காடுகள் என்கிறோம். அலையை ஆற்றுவது என்பதே அப்பெயரின் பொருள். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்ச்சேற்றில் வேறு மரங்கள் நில்லா. வெண்கண்டலும் சுரபுன்னையும் நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லையாதலால், வெண்கண்டல் தன் வேர்களை விரல்களைப் போல் மேல்நோக்கி நீட்டி மூச்சு விடுகிறது. சுரபுன்னையோ தன் தண்டிலிருந்து வளைந்த தாங்குவேர்களை இறக்கி, அலைக்கு அசையாமல் நிற்கிறது. இன்னும் வியப்பானது அதன் வித்து. அது தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, நீண்ட நாற்றாகி, சேற்றில் ஊன்றத் தகுந்த வலிமை பெற்ற பின்னரே கீழே விழுகிறது. உவர்நீரில் பிஞ்சு விதை பிழைக்காது என்பதைப் படைத்தவர் அறிவார். பிள்ளைகளை உலகின் உவர்நீருக்குள் அனுப்புமுன் எவ்வளவு காலம் மடியில் வைத்துப் பேண வேண்டும் என்பதைப் பெற்றோர் இம்மரத்திடம் கற்கலாம்.

இம்மரங்களின் இலைகள் உதிர்ந்து மக்கும் நீரில்தான் மீன் குஞ்சுகளும் நண்டுகளும் வளர்கின்றன. கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் இக்கழிமுகங்களுக்குள் வந்து, வேர்களின் இடுக்கில் ஒளிந்து வளர்ந்து, பின்னர் மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. எனவே ஆழ்கடலுக்குப் போகும் மீனவரின் வலையில் விழும் இறாலுக்கும் இந்தச் சேறுதான் தொட்டில். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் மீன்கொத்தியும், குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வரும் உள்ளான்களும் இங்கேதான் இரை தேடுகின்றன. பறவைக்கும் மீனவருக்கும் ஒரே பந்தி விரித்திருக்கிறார் இறைவன்.

நோய் எது?

இவ்வளவு சிறப்புடைய காடு, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் உட்பகுதிகளில் பட்டுப்போகத் தொடங்கியது. வாய்க்கால்களின் கரையோரம் மட்டும் மரங்கள் பசுமையாக நின்றன. சற்று உள்ளே சென்றால், உப்புப் பூத்த வெற்றுத்தரையும் ஆங்காங்கே உமரிச் செடியும்தான் எஞ்சின. இதற்கு யார் காரணம் என்ற கேள்விக்கு விடை எளிதாகக் கிடைத்தது. அருகில் வாழும் ஏழைகள் விறகு வெட்டுகின்றனர், அவர்களது மாடுகள் கன்றுகளை மேய்கின்றன என்பதே அவ்விடை. அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று.

சென்னையில் 1988ஆம் ஆண்டில் தோன்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்களும் வனத்துறையினரும், 1990களில் இம்மண்ணையும் நீரையும் பொறுமையாக ஆராய்ந்தபோது வேறொரு காரணம் வெளிப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி, நாடு விடுதலை பெற்ற பின்னும் சில பத்தாண்டுகள் நீடித்த ஒரு நிர்வாக முறைதான் அது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மரங்களை முழுவதும் வெட்டி விற்றனர். வெட்டிய இடத்தில் காடு தானே மீண்டும் வளர்ந்துவிடும் என்று எண்ணினர்.

அவ்வாறு வளரவில்லை. நிழல் இழந்த சேற்றை வெயில் காய்ச்சியது. மண்ணின் ஈரம் ஆவியாகி, நிலம் அமிழ்ந்து, தொட்டி போன்ற பள்ளமாயிற்று. பிச்சாவரத்தில் கடலின் ஏற்றவற்றம் மிகக் குறைவு. நீர் ஏறும்போது பள்ளத்துக்குள் புகும். இறங்கும்போது வெளியேற வழி இன்றி அங்கேயே தேங்கும். தேங்கிய நீரை வெயில் குடிக்கும். உப்பு மட்டும் எஞ்சும். நாள்தோறும் இவ்வாறு நிகழவே, உப்பையே உண்டு வாழும் வெண்கண்டலும் தாங்க முடியாத அளவுக்கு மண்ணில் உவர் ஏறிற்று. ஏழையின் அரிவாள் வெட்டியது சில கிளைகளையே. காட்டின் மூச்சை நிறுத்தியது, அதிகாரத்தின் ஆணைப்படி நடந்த முறையான வெட்டு.

இதை இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தவறு எங்கே என்று தேடும்போது, நம் கண் முதலில் எளியவர் மீதே விழுகிறது. ஊரில் களவு போனால் யாரைச் சந்தேகிக்கிறோம்? குளம் அழுக்கானால் எந்தத் தெருவைச் சுட்டுகிறோம்? தீர விசாரியாமல் குற்றம் சுமத்துவது பொய்ச்சான்றுக்கு நிகரான பாவம். எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று.

வாய்க்கால்

நோயைக் கண்டபின் மருந்து மிக எளியதாய் இருந்தது. தேங்கிய நீர் வெளியேற வழி வேண்டும், அவ்வளவே. இயற்கையான கழியிலிருந்து பட்டுப்போன பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்காலை வெட்டினர். அதன் இரு புறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களை வெட்டினர். மேலிருந்து பார்த்தால் மீனின் முதுகெலும்பும் பக்க முட்களும் போலத் தோன்றும் அமைப்பு அது. இப்போது கடல் ஏறும்போது நீர் உள்ளே வந்தது. இறங்கும்போது வெளியே சென்றது. நாளுக்கு நாள் நீர் வந்து சென்று மண்ணின் உப்பைக் கழுவியது. அதன் பின்னரே வாய்க்கால் கரைகளில் கன்றுகளை நட்டனர்.

இம்முறைக்கு மீனவரின் பட்டறிவும் துணை நின்றது. தெற்கே முத்துப்பேட்டைக் கழிமுகத்தில், மீன்பிடிப்பதற்கென வாய்க்கால் வெட்டும் வழக்கம் மீனவரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்துள்ளது. அறிஞர்கள் அதனை இகழவில்லை, அதனிடம் கற்றனர்.

பலன் என்ன? செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1986ஆம் ஆண்டுக்கும் 2002ஆம் ஆண்டுக்கும் இடையே பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்ததாக அது காட்டியது. ஈரநிலங்களைக் காக்க 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பட்டியலில், பிச்சாவரம் 2022ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,480 எக்டேர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இடம்பெற்ற நிலங்களின் எண்ணிக்கை 20ஐ எட்டியது.

கையால் துழாவி வாழ்வோர்

காடு மீண்டது. மனிதர்? பிச்சாவரத்தின் கரையில் இருளர் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களிடம் படகும் பெரிய வலையும் இல்லாத காலத்தில், ஆண்களும் பெண்களும் கழியின் நீரில் வரிசையாக இறங்கி, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். பிடித்ததை இடுவதற்கான ஓலைப் பறியைப் பற்களால் கவ்விக்கொள்வர். ஏனெனில் இரு கைகளுக்கும் வேலை உண்டு. மரபாக மீன்பிடிக்கும் சமூகத்தினர் இவர்களை மீனவராக ஏற்கவில்லை. பழங்குடியினர் என்பதற்கான சான்றிதழும் எளிதில் கிட்டவில்லை. சான்றிதழ் இல்லையேல் பிள்ளைகளுக்குச் சலுகை இல்லை. சலுகை இல்லையேல் படிப்பு இல்லை. கடன் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அதற்கு ஈடாக உழைப்பு பறிபோயிற்று.

இக்காட்டை மீட்கும் பணியில் இம்மக்கள் கூலியாட்களாக மட்டும் வைக்கப்படவில்லை என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. ஊர்தோறும் ஆண்களும் பெண்களும் உறுப்பினராகக் கொண்ட மன்றங்கள் அமைந்தன. எங்கே வாய்க்கால் வெட்டுவது, எங்கே நடுவது, எங்கே மாடு மேய்க்கக் கூடாது என்பதை வனத்துறையோடு அமர்ந்து அவர்களும் முடிவு செய்தனர். அதே வேளையில் வீடு, பள்ளி, சான்றிதழ், கடனிலிருந்து விடுதலை ஆகிய அவர்களது தேவைகளும் பேசப்பட்டன. பசித்த மனிதனிடம் மரத்தைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டு வீடு திரும்பும் அறம், அறமாகாது. பசித்தோரிடம் வெறும் நல்வாழ்த்துக் கூறி அனுப்புவதைப் பற்றிப் புனித யாகப்பர் கூறும் கண்டனம் இங்கும் பொருந்தும் (யாக 2:15-16).

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் அடிப்படைக் கருத்தும் இதுவே. நிலத்தின் ஓலமும் ஏழையின் ஓலமும் இரண்டல்ல, ஒன்றே என்று அவர் கற்பித்தார். அம்மடலின் 39ஆம் பத்தியில், ஈரநிலங்கள் விளைநிலமாக்கப்படுவதையும், கடற்கரைகளில் அலையாத்திச் சதுப்புகள் மறைந்து வருவதையும் கவலையோடு தனியே குறிப்பிட்டுள்ளார் என்பது நம்மில் பலர் கவனியாத செய்தி. இது புதிய போதனையும் அன்று. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979ஆம் ஆண்டிலேயே அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலாரின் பாதுகாவலராக அறிவித்தார். 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தி முழுவதையும் படைப்போடு கொள்ளவேண்டிய அமைதிக்கே ஒதுக்கினார்.

திருக்குடும்பத் திருநாளன்று

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நம் கடற்கரைப் பங்குகள் மறக்க இயலாது. அன்று ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள். காலைத் திருப்பலி நேரத்தில் ஆழிப்பேரலை எழுந்தது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர் பலரும், நாகை, கடலூர் மாவட்ட மீனவக் குப்பங்களில் ஆயிரக்கணக்கானோரும் மாண்டனர். எத்தனையோ குடும்பங்கள் அத்திருநாளிலேயே சிதைந்துபோயின.

அதன் பின்னர் கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த அறிஞர்கள், அடர்ந்த மரங்களுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் மிகக் குறைவாக இருந்ததாக 2005ஆம் ஆண்டில் எழுதினர். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதும் காரணம் என்று வேறு சிலர் மறுமொழி கூறினர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. மரம் இருந்தால் ஒரு தீங்கும் வராது என்று எவரும் வாக்களிக்க முடியாது. 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே பெரிதும் முறிந்து விழுந்தது. ஆனால் கடலுக்கும் குடிசைக்கும் நடுவே யாதொரு தடையுமின்றி வாழ்வதைவிட, ஒரு காட்டை நடுவில் வைத்து வாழ்வது அறிவுடைமை என்பதில் ஐயம் உண்டோ?

நட்டால் போதுமா?

ஆழிப்பேரலைக்குப் பின்னர் அலையாத்தி நடும் ஆர்வம் எங்கும் பெருகிற்று. நல்லெண்ணம் உடையோர் பணமும் உழைப்பும் தந்தனர். ஆனால் இலங்கையில் அவ்வாறு நடப்பட்ட இடங்களை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, கன்றுகளுள் பெரும்பகுதி பட்டுப்போனதையே கண்டது. இடம் பொருந்தவில்லை, நீரோட்டத்தை எவரும் பார்க்கவில்லை, நட்டபின் திரும்பிப் பார்ப்பாரும் இல்லை. நடும் விழா நடந்தது, புகைப்படம் எடுக்கப்பட்டது, காடு மட்டும் வரவில்லை.

ஆன்ம வாழ்விலும் இதே தவறு நிகழ்வதில்லையா? குடும்பத்தில் ஆண்டுக்கணக்காகத் தேங்கிக் கிடக்கும் பகை ஒன்று உள்ளது. சொத்துப் பிரிவினையில் தொடங்கிய கசப்பு உறைந்து உப்பாகியிருக்கிறது. அதன் மேல் நாம் புதிய புதிய பக்தி முயற்சிகளை நட்டுப் பார்க்கிறோம், நவநாள் தொடங்குகிறோம், யாத்திரை போகிறோம். ஒன்றும் வேர் பிடிப்பதில்லை. முதலில் வாய்க்கால் வெட்ட வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு உறவாடிய பின் திரும்பி வா என்று ஆண்டவர் கற்பித்தது இதைத்தான் (மத் 5:23-24). உள்ளே வரும் அருள் பிறருக்கும் பாய்ந்து செல்ல வழி இருந்தால் உயிர், இல்லையேல் உவர்.

வாய்க்கால் ஒருமுறை வெட்டியதோடு நிலைத்துவிடுவதும் இல்லை. வண்டல் படிந்து தூர்ந்துபோகும். மீண்டும் தூர் வார வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தை ஆண்டுக்கு ஒருமுறை பாஸ்காக் கடனாக மட்டும் கருதுவோர் இதை எண்ணிப் பார்ப்பாராக.

பிச்சாவரத்தின் இன்றைய கவலை வேறொன்றும் உண்டு. இக்காட்டுக்கு நன்னீர் தர வேண்டியது காவிரியின் கிளையாகிய கொள்ளிடம். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிந்தபின், ஆற்றில் கடைசிவரை வந்து சேரும் நீர் குறைந்துகொண்டே வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் நன்னீர் ஓரளவு வருகிறது. அதனால் உவர் மிகுதியைத் தாங்க முடியாத மர இனங்கள் இங்கிருந்து மறைந்துவிட்டன. அணையைக் கட்டாதிருக்க முடியாது. வயலுக்கு நீர் வேண்டும், ஊருக்குக் குடிநீர் வேண்டும். ஆனால் மேலே நீரை எடுப்பவர், கீழே இன்னொருவர் கை நீட்டிக் காத்திருக்கிறார் என்பதை மறவாதிருக்கலாம் அல்லவா? என் அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு, ஆற்றின் கடைமடையில் நிற்பவனும் உன் அயலானே என்று நாம் இன்று விடை கூற வேண்டும்.

ஒரு நியாயமான கேள்வி

"சாமி, பறவைக்கும் மரத்துக்கும் இவ்வளவு பேசுகிறீர்களே, எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா? வீடு கட்ட இடம் வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பலான விடை கூறுவது தகாது.

1990களில் நம் கிழக்குக் கடற்கரையில் இறால் பண்ணைகள் விரைவாகப் பெருகின. வேலையும் பணமும் வரும் என்றனர். சிலருக்கு வந்தது. ஆனால் அண்டை வயல்கள் உவரேறியதையும், குடிநீர்க் கிணறுகள் கரித்ததையும், மீனவர் கடலுக்குச் செல்லும் வழி அடைபட்டதையும் கண்ட சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும் அறவழியில் போராடினர். உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அமைந்த, மரபுவழிப்பட்டவை அல்லாத இறால் பண்ணைகள் அகற்றப்பட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பின்னர் 2005ஆம் ஆண்டில் அத்தொழிலை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இத்தொழிலில் நேர்மையாக ஈடுபட்டுள்ள குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகள் என்று கூறவில்லை. ஆனால் எந்தத் தொழிலைக் குறித்தும் கிறிஸ்தவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் வரும் இலாபம் எனக்கு, இதில் வரும் நட்டம் யாருக்கு? நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் விரும்பியதற்குக் காரணம் அது தன் அரண்மனைக்கு அருகில் இருந்ததே (1 அர 21:2). அருகில் இருக்கிறது, வசதியாக இருக்கிறது, தடுப்பார் இல்லை என்பவை உரிமையாகிவிடா.

வேலை வேண்டும், வீடும் வேண்டும். ஆனால் பொதுச் சதுப்பையும் குளத்தையும் அழித்துத் தரப்படும் வேலை, பத்துப் பேருக்குச் சோறிட்டு நூறு பேரின் பானையை உடைக்கிறது. காட்டை மீட்டுக்கொண்டே இறாலும் நண்டும் பிடித்து வாழ முடியும் என்பதைப் பிச்சாவரத்து மக்கள் காட்டியுள்ளனர்.

நம் பங்கில்

நம்முள் பலரின் ஊரில் அலையாத்திக் காடு இல்லை. ஆனால் ஊருக்கொரு ஏரி, ஊருணி, கண்மாய் இருந்தது; பல இடங்களில் இன்னும் இருக்கிறது. நம் மாநில அரசும் ஈரநிலங்களைக் காப்பதற்கெனத் தனி இயக்கம் ஒன்றைத் தொடங்கியுள்ளது. நாம் செய்யத்தக்கவை சில:

மனை வாங்கும் குடும்பங்கள், விலை மலிவு என்று மயங்காமல், அந்நிலம் முன்பு நீர்நிலையாக இருந்ததா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் பார்த்து அறிக. ஏரிக்குள் கட்டிய வீட்டைக் குருவானவர் மந்திரித்தாலும் மழை அதை ஏரி என்றே எண்ணும்.

பங்குப் பேரவைகள், கோயிலுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய நிலங்களில் உள்ள குட்டைகளையும் வடிகால்களையும் கணக்கெடுக்க. விரிவாக்கத்தின் பெயரால் அவற்றைத் தூர்க்கும் எண்ணம் எழுமானால், முதலில் நாமே அதைத் தடுக்க வேண்டும். பிறருக்கு உபதேசிக்கும் திருச்சபை தன் வேலிக்குள் தவறலாகாது.

இளைஞர் இயக்கத்தினர், தவக்காலத்தில் ஒரு நாளைக் குளத்தின் வரத்து வாய்க்காலைத் தூர் வாரச் செலவிடுக. கன்று நடுவோர், நட்ட நாளைவிட மூன்றாம் ஆண்டு எத்தனை நிற்கின்றன என்பதைக் கணக்கிடுக. செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பாதுகாப்புக்கான உலக இறைவேண்டல் நாளாகத் திருச்சபை 2015ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கிறது. அன்று நீர்நிலையின் கரையில் கூடிச் செபமாலை சொல்லலாம்.

குறிப்பாக ஒன்று. குளத்தைக் காப்பது பற்றிக் கூட்டம் கூடும்போது, அக்குளத்தில் மீன் பிடிப்போரையும் துணி வெளுப்போரையும் மாடு குளிப்பாட்டுவோரையும் முன்வரிசையில் அமர்த்துக. அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். நீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பதைக் காலால் அறிந்தவர்கள் அவர்கள்.

படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்கிறார் புனித சின்னப்பர் (உரோ 8:22). பேறுகால வேதனை சாவின் வேதனை அன்று. அதன் முடிவில் ஒரு பிள்ளை உண்டு. பட்டுப்போன சேற்றில் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் மீண்டும் முளைத்து நிற்பதைக் காணும் இருளர் தாய்க்கு இது விளக்கம் தேவைப்படாத மறையுண்மை. நம் இல்லங்களிலும் ஊர்களிலும் தேங்கிக் கிடப்பவற்றுக்கு வழி திறந்துவிடும் மனத்தையும், மண்வெட்டி எடுக்கும் கைகளையும் வாழும் நீரின் ஊற்றாகிய ஆண்டவர் உங்களுக்கு அருள்வாராக.

ஆண்டவரில் உங்கள்
பங்குத் தந்தை